பெரட்டில் கங்காவின் பெயர்

இரண்டாம் டிவிசன் லயம்,
கோலசிலாங்கூர், மலேசியா.
12.8.1984

அன்பு மகன் சிவானந்தத்துக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் சுகம், சிங்கப்பூரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. நான் சம்பாதித்து அனுப்பும்போது தங்கச்சிப் பாப்பாவை எதற்கு வேலைக்கு அனுப்புகிறீர்கள், நாலு பேர் சிரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கட்டும். புத்தி கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்பதற்காக இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை வீட்டுக்குள் அடைத்து வைத்தால், நான் கண்ணை மூடிய பிறகு அவள் யார் கையைப் பார்த்து நிற்பாள்? ஆறு மாதமாக என்னோடு நர்சரிக்கு வந்து செம்பனை நாற்றுக்குப் பையில் மண் நிரப்புகிறாள். நாங்கள் அவசரத்தில் அள்ளிப் போடுவோம், தண்ணீர் பட்டதும் பை சாய்ந்துவிடும். அவள் பிடி பிடியாகப் போட்டு அழுத்துவாள், நிரப்புவது கொஞ்சம்தான், ஒன்றுகூடச் சாயாது. அந்த வேலையெல்லாம் என் பெயர்க் கணக்கில் போனது எனக்குப் பொறுக்கவில்லை. துணைக்கு வருகிற பிள்ளைக்குத் தனிப்பெயர் எதற்கு என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி. மூன்று தடவை ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். கடைசியில் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஐயாவே வந்து அவள் நிரப்பிய பையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு வாரம் பார்ப்போம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அவளே பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்றார்.

திங்கட்கிழமை விடியற்காலை மண்டோர் கங்கா என்று கூப்பிட்டார். இவள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, பிறந்ததிலிருந்து பாப்பா என்றல்லாமல் நம்மில் யாராவது இவளைக் கங்கா என்று கூப்பிட்டிருக்கிறோமா? மண்டோர் ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டார். அழுதேன்டா. தப்பு அவளுடையது இல்லை, நம்முடையது. அன்றிலிருந்து சோறு போடும்போது கங்கா, தலை சீவும்போது கங்கா, குழாயடியில் பக்கத்து வீட்டு வள்ளியம்மாவும் கங்கா. செவ்வாயும் புதனும் அதே கதைதான். நான் விடவில்லை. வியாழக்கிழமை, "நான்தான் கங்கா, வந்துட்டேன்லா" என்று அவள் போட்ட சத்தத்தில் மண்டோரே நிமிர்ந்து பார்த்தார். நாலு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். அதன்பிறகு நேற்றுவரை ஒரு நாளும் தவறவில்லை, கிராணி ஐயாவும் எடுக்கவில்லை, பெயர் நிலைத்துவிட்டது.

மழையில் நனையாதே, இருமலை அப்படியே விட்டுவிடாதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த கடிதத்தை உன் தங்கைக்குப் போடு, கவரில் கங்கா என்று பெரிதாக எழுது. இங்கே கடிதத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கொடுக்கிறார்கள், அவளே போய் வாங்கிக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமராவதி