எழுபது கிலோ வெல்லம்

18-1-90, வியாழன்

பனி. காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. சஞ்சீவி மலை அடிவாரம் வரை நடந்துவிட்டு வந்தேன். போக வர ஐம்பது நிமிஷம். முழங்கால் வலி இல்லை. முதலில் எழுதி வைக்க வேண்டியது அதுதான். வலி இல்லை.

பொங்கல் லீவு முடிந்து மில்லில் எல்லோர் வாயிலும் கரும்பு தின்ற புண். மத்தியான மணி அடித்ததும் நானும் ரமணியும் பேக்கிங் குடோனுக்கு நழுவினோம். நூல் கூடைகளை நிறுக்கும் பெரிய தராசு அங்கேதான். எடை போடுகிற மாரியப்பண்ணன் அந்த நேரம் சாப்பிடப் போய்விடுவார். நான் ஏறி நிற்பேன், ரமணி குண்டை நகர்த்திப் படிப்பாள். டைம் ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரி. வெளியே சொல்ல மாட்டாள்.

எழுபத்தொன்று.

ஐப்பசியில் டாக்டரிடம் முழங்காலைக் காட்டப் போனபோது எழுபத்தொன்பது. "மூட்டு பாவம்மா, பத்து கிலோ இறக்குங்க" என்றார். கார்த்திகையில் முதல் தடவை இந்தத் தராசில் ஏறியபோதே எழுபத்திரண்டு. ஒரே மாசத்தில் ஏழு கிலோ. நம்ப முடியவில்லை. ஆனாலும் நம்பிவிட்டேன்.

"எக்கா, எட்டு கிலோ. ரெண்டு பிள்ள பெத்து எறக்குனாப்ல" என்றாள் ரமணி.

சாயங்காலம் பீரோ கண்ணாடி முன்னால் கணக்கெடுப்பு.

குறைந்தவை: கன்னம். கழுத்து. மணிக்கட்டு (வளையல் முழங்கைவரை ஏறுகிறது). மோதிர விரல் (நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன்). மார்பும் கொஞ்சம்.

குறையாதது: இடுப்பு.

எதைக் குறைக்கச் சொன்னேனோ அது அப்படியே நிற்கிறது. கேட்காததெல்லாம் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டது. கன்னம் போனதில் வருத்தம்தான். இடுப்பு போகாததில் வருத்தமா என்று கேட்டால், உண்மையைச் சொன்னால், இல்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. வியர்க்க வியர்க்க நடந்துவிட்டு வந்து, அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். கிறுக்கு.

21-1-90, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம், அம்மா வீடு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், "செத்த நகந்து உக்காருங்கம்மா" என்றாள். நகர இடம் இல்லை. நகர்ந்த மாதிரி ஒரு அசைவு மட்டும் செய்தேன். பத்து வருஷப் பழக்கம்.

அம்மா கதவைத் திறந்ததும் வா என்று சொல்லவில்லை. "ஏட்டி, கழுத்தெலும்பு தெரியுது."

"தெரியட்டும்மா."

"சுகரு பாத்தியா?"

"பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல."

தட்டில் தோசை நாலு. இரண்டு போதும் என்றேன். நாலாவதை வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினாள். அடுத்த ஞாயிறு வைத்தியநாதசுவாமி கோவிலில் எனக்குத் துலாபாரம். அம்மாவின் பழைய நேர்த்தி. என் இருபத்திரண்டாம் வயதில் டைபாய்டு வந்து நாற்பது நாள் படுத்தேன். பிழைத்து எழுந்தால் இவள் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிழைத்தேன். அப்புறம் கல்யாணம், பிரசவம், அப்பாவின் சாவு என்று பதினாலு வருஷம் தள்ளிப் போய்விட்டது. அப்போது ஆஸ்பத்திரியில் என்னை நிறுத்தபோது முப்பத்தெட்டு கிலோ.

"அன்னைக்கே செஞ்சிருந்தா முப்பத்தெட்டோட முடிஞ்சிருக்கும்லம்மா" என்றேன், சிரிப்பாக.

அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கு உனக்கு உக்காரத் தெம்பு ஏது" என்றாள். பிறகு, "சாமிக்குக் குடுக்கப் போற நேரத்துல எளைச்சுக்கிட்டு வந்து நிக்கா. ஏமாத்துற மாதிரி இருக்கு. நான் எம்பது வாங்கப் போறேன்."

"எழுவது போதும். நான் எழுவத்தொண்ணுதான். அடுத்த வாரம் இன்னும் கொறையும்."

"உன் மில்லுத் தராசு என்னத்தக் கண்டுச்சு."

எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அவளுக்குத் தெரியாது. அங்கே ஒவ்வொரு பையாகத் தட்டில் வைக்கும்போது ஒருவன் சத்தமாக எண்ணுவான். இவர் வீட்டுச் சனம் முழுக்க சுற்றி நிற்கும். இவருடைய தங்கச்சி பாக்கியம் முன்வரிசையில் நிற்பாள். பொங்கலன்று எல்லோர் முன்னாலும் கேட்டாள், "மதினி உக்காந்தா சங்கிலி தாங்குமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ராத்திரிச் சோறு கிடையாது. காலை நடை, முழங்காலுக்காக டாக்டர் சொன்னது. ராத்திரிச் சோற்றை விட்டது, பாக்கியம் சொன்னதற்காக.

திரும்பும்போது கையில் பால்கோவாப் பொட்டலம். பஸ்ஸிலேயே பிரித்துப் பாதியை முடித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

23-1-90, செவ்வாய்

கேழ்வரகுக் கூழ். மோர். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, அவரைக்காய் நிறைய. நடை உண்டு.

தையல்காரி எஸ்தரிடம் நாலு ஜாக்கெட் கொடுத்தேன், பிடித்துத் தைக்க. "வெட்ட வேண்டாங்க்கா, உள்ள தையல் விட்டு வைக்கேன். திரும்பச் சதை போட்டா பிரிச்சுக்கலாம்ல" என்றாள். நல்ல எண்ணம்தான். இருந்தாலும் எரிச்சல்.

மில் வாசலில் காதில் விழுந்தது: "டைம் ஆபீஸ் சந்திராக்காவுக்கு என்னமோ சீக்காம்ல. மூஞ்சே வத்திப் போச்சு." குண்டாக இருந்தவரை ஊருக்கு நான் சிரிப்பு, இளைத்தால் ஊருக்கு நான் சீக்காளி. நடுவில் ஒரு நாளாவது சும்மா விட்டிருப்பார்களா? எந்த நாள் அது? எனக்குத் தெரியாமலே போய்விட்டது போல.

இவர் மதுரை டிரிப் முடித்து வந்து, கண்டக்டர் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கன்னந்தான் போச்சு" என்றார்.

"இடுப்பு?"

சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனார். எனக்கு வெட்கம். முப்பத்தாறு வயதில்.

25-1-90, வியாழன்

69.

ரமணி இரண்டு தடவை படித்தாள். எழுபதுக்குக் கீழே. கல்யாணமான மறுவருஷத்துக்கு அப்புறம் இந்த எண்ணைப் பார்த்ததில்லை. தராசிலிருந்து இறங்கவே மனம் வரவில்லை. டாக்டர் கேட்ட பத்தும் ஆயிற்று. பாக்கியமே, வந்து பார்.

இவர் நாளைக்கு ஸ்ரீவி. வழியாகத்தான் போகிறார். அம்மாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "அறுபத்தொன்பதுதான். எழுபதே ஒரு கிலோ கூடுதல். எண்பது வாங்கி மானத்தை வாங்காதே."

27-1-90, சனி

அம்மா எழுபது வாங்கிவிட்டாள். பத்துப் பத்துக் கிலோவாக ஏழு பை. சொல்லி அனுப்பிய வார்த்தை: "அவ இஷ்டம். அவதான் உக்காரப் போறா."

நாளைக்கு எதைக் கட்டுவது? பட்டு ஒரு கிலோவாவது இருக்கும். சுங்கடி லேசு. சாமி முன்னால் சுங்கடியா என்று அம்மா ஏசுவாள். கொலுசைக் கழற்றலாம். சங்கிலியைக் கழற்றினால் பாக்கியம் கேட்பாள். இதையெல்லாம் யோசிக்கிற நேரத்தில் ஒரு தேவாரமாவது சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் மோர் மட்டும். பயம்.

28-1-90, ஞாயிறு

சாயங்காலம் எழுதுகிறேன். கை இன்னும் பிசுபிசுக்கிறது.

பட்டுதான் கட்டினேன். பத்து மணிக்குத் தராசு. பெரிய இரும்புத் தட்டு, தரையோடு. சம்மணம் போட வரவில்லை, காலை வெளியே நீட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். பாதம் தரையில். எதிர்த் தட்டில் பை வைக்க ஆரம்பித்தார்கள். "ஒண்ணு... ரெண்டு..." பாக்கியம், நினைத்த இடத்திலேயே நின்றாள்.

"ஏழு."

என் தட்டு எழும்பவில்லை. லேசாக ஒரு ஆட்டம்கூட இல்லை.

எண்ணுகிறவர் அம்மாவைப் பார்த்தார். "இன்னும் வேணும்மா." வேறு பை இல்லை. நான் இறங்கப் போனேன். "எறங்கக் கூடாது தாயி. உக்காந்தா சமமாகுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றார். இவர் வெல்லம் வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினார்.

கால்மணி நேரம். கூட்டத்துக்கு நடுவில், தரையோடு ஒட்டிக்கொண்ட தட்டில் நான், எதிரே அந்தரத்தில் எழுபது கிலோ வெல்லம். எது நடக்கக் கூடாது என்று வாயைக் கட்டினேனோ அதுவே, கோவில் மண்டபத்தில், சனம் பார்க்க. பின்னால் ஒரு கிழவர், "எழுவதுக்கு மேலயா" என்றார். யாரோ சிரித்தார்கள். குனிந்துகொண்டேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அம்மா வந்து என் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிங்க" என்றாள். கோபமே இல்லை குரலில். "முப்பத்தெட்டு கிலோ இருந்தா இவ. இருவத்திரெண்டு வயசுப் பிள்ளைய இடுப்புல வச்சுத்தான் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போனேன். கனமே இல்ல. தூக்கும்போதெல்லாம் அழுவேன், கனமே இல்லையேன்னு. இன்னைக்கு எழுவது கிலோ வச்சும் எம்மக எந்திரிக்கல பாத்தியளா? எனக்கு இது போதும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பத்தாம் வகுப்பு பாஸானபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

பாக்கியம் கிட்டே வந்தாள். "மதினி, கால் மரத்துப் போச்சா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சாய்ந்துகொள்ளத்தான். சாய்ந்துகொண்டேன். அவளும் நல்ல பூசின உடம்புக்காரிதான். மெத்தென்று இருந்தது.

இவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார், பையில் உருண்டை வெல்லம். ஒவ்வொன்றாக வைத்தார்கள். நாலு கிலோ ஆகியும் இல்லை. ஐந்து ஆனதும் தட்டு ஒரு தடவை முனகியது. பாதம் தரையைவிட்டு எழுந்தது. கால் தொங்க, ஊஞ்சலில் போல, எனக்கும் வெல்லத்துக்கும் ஒரே உயரம். இத்தனை லேசாக என் உடம்பை நான் என்றைக்கும் அறிந்ததில்லை. அந்தத் தராசில் எண்ணே கிடையாது என்பதை அப்போதுதான் கவனித்தேன். முள் மட்டும். முள் நடுவில் நின்றது.

அம்மா கடைசியாக ஒரு உருண்டையைத் தன் கையால் வைத்தாள். "இது நான் போடுறது."

இறக்கிவிடும்போது என் காதோரம் சொன்னாள், "நீ எளைச்சா எனக்கு அந்த நாப்பது நாள்தாட்டி கண்ணுல வருது. அதான் ஏசினேன்."

"சீக்கு இல்லம்மா. முழங்காலுக்காகத்தான்."

"இப்ப வலிக்கா?"

"இல்ல."

"அப்பச் சரி."

வீட்டுக்கு வந்து மூன்று இட்லி தின்றேன். எண்ணாமல்தான் தின்றேன், இப்போது எண்ணினால் மூன்று. மனசு துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது.

29-1-90, திங்கள்

பனி குறைவு. நடை உண்டு, பாதி தூரம்.

மத்தியானம் குடோனில் மாரியப்பண்ணன் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். சரி என்று கேட்டேவிட்டேன்: உங்கள் தராசு சரியான தராசுதானா? நாங்கள் திருட்டுத்தனமாக ஏறுவதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அவர் என்னையும் ரமணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தராசின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகைக் காட்டினார். "கூடைக்கு ஆறு கிலோ தாயி. நூல் எடை மட்டும் தெரியணும்னு கூடைய இதுல கழிச்சுத் திருகி வச்சிருப்போம். நீங்க கூடை இல்லாம ஏறினா உங்கள்ல ஆறு கிலோவைத் தின்னுரும்."

அறுபத்தொன்பதும் ஆறும் எழுபத்தைந்து. வெல்லம் பொய் சொல்லவில்லை. மூன்று மாசத்தில் இறங்கியது பத்து இல்லை, நாலு.

ரமணி முகம் செத்துவிட்டது. "எக்கா, நாந்தான படிச்சேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து, கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு கிலோவுக்கே முழங்கால் வலி போய்விட்டதே. இடுப்பும் பத்திரமாக இருக்கிறதே. இன்னும் என்ன வேண்டும்? நடக்கத்தான் போகிறேன். ராத்திரிச் சோறும் உண்டு.

மாரியப்பண்ணன் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மேடையைத் துண்டால் தட்டிவிட்டார். "ஏறுங்க தாயி, இப்பச் சரியாப் பாத்துருவோம்."

"வேண்டாம்ண்ணே" என்றேன். "நேத்துத்தான் நிறுத்தாங்க. வெல்லத்துக்குச் சரியா இருந்தேன்."