அண்ணன் குடிக்கும் பால்

மார்ச் 9, திங்.

காலையிலேயே வெயில். தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றம் பள்ளிக்கூடம் வரை. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பித்தார்கள்.

சாயங்காலம் வாசகசாலையிலிருந்து அண்ணன் வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். வேலூரிலிருந்து யாரோ ஒரு டாக்டர் வந்து பேசினாராம். வளர்ந்த ஆண்பிள்ளை தினம் இரண்டு வேளை பசும்பால் குடித்தால்தான் உடம்பு தேறுமாம். அண்ணனுக்குத் தோல்ஷாப்பில் கணக்கு எழுதும் ரைட்டர் உத்தியோகம், நாற்காலியை விட்டு எழாத உடம்பு, அதற்கு எதற்கு இத்தனை பலம்? பெரிய பித்தளை லோட்டாவை அண்ணி ரோசாள் கையில் கொடுத்தார்.

"இனிமே இது நிறைய எனக்கு. ரெண்டு வேளையும்."

"கன்னுக்கு?" என்றாள் அண்ணி. எங்கள் பசு போன மாதம்தான் கன்று போட்டது.

"ஒரு காம்பு உட்டா போதும். மனுசன் பெரிசா மாடு பெரிசா?"

வாங்க வேண்டியது: உப்பு, சாக்கட்டி, கறுப்பு நூல்.

மார்ச் 11, புதன்

அண்ணன் வயிற்றில் ஒரே இரைச்சல். ஏப்பம். ஜெபத்தின் நடுவில் எழுந்து கொல்லைக்கு ஓட்டம். கேட்டால், "உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய போவுது." எனக்கும் சின்ன வயது முதல் பால் ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும். அது என் மனப்பிராந்தியாம். அவருக்கு வந்தால் மட்டும் சுத்திகரிப்பு.

கன்றுக்குக் கயிறு இன்னும் குட்டையாகிவிட்டது. தொழுவத்துச் சுவரின் சுண்ணாம்பை நக்கிக்கொண்டு நிற்கிறது.

பொறுக்காமல் கேட்டேன். "அண்ணே, வளந்தப்புறம் பால் குடிக்கிற மிருகம் எதுனா இருக்குதா? அதுவும் வேற மிருகத்தோட பாலை?"

"எந்த மிருகம் சட்டை போடுது? எந்த மிருகம் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துது? போய்ட்டு வேலையப் பாரு, சலோமி."

வேலையைப் பார்க்கப் போனேன். அதுதான் ஆத்திரம்.

மார்ச் 13, வெள்ளி

பக்கத்து வீட்டுக் கைருன்னிசா வந்தாள். புருஷன் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. இவளுக்குக் காய்ச்சல் வந்து எழுந்ததிலிருந்து பால் வற்றிவிட்டது. இடுப்பில் குழந்தை, அழுது அழுது தொண்டை கட்டிப்போய். கையில் ஒரு சின்னக் கிண்ணம்.

"டீச்சரம்மா, கொஞ்சூண்டு போதும். சக்கரைத் தண்ணி குடுத்தா துப்பிட்றான்."

நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து அண்ணன்: "இல்லம்மா. எங்களுக்கே கம்மி."

கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். லோட்டாவில் நுரை தளும்பிக்கொண்டிருந்தது. மீசையில் ஒட்டிய பாலைத் துடைத்துக்கொண்டே, இந்த டவுனில் தர்மம் குறைந்துவிட்டது என்று என்னமோ சொன்னார்.

நாற்பது வயது. மீசை. பால்.

மார்ச் 14, சனி

அண்ணி இன்று என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். அண்ணன் கறந்து வந்த பாலில் பாதியைச் சொம்பில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். மீதியில் வடித்த கஞ்சித் தண்ணீர், கொஞ்சம் வெல்லம். கலக்கி லோட்டா நிறைய.

"அண்ணி, கண்டுபுடிச்சிட்டா?"

"அவுரு நாக்கு எனக்குத் தெரியாதா? வேலிச் சந்துல போய்ட்டு வா, சீக்கிரம்."

கைருன்னிசா சொம்பை வாங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

கோயில். பிரசங்கம் நீளம். அண்ணனுக்கு வயிற்றில் இரைச்சல் இல்லை. "பாத்தியா? பாலு ஒடம்புல ஒட்டிக்கிச்சி." அண்ணி தலை நிமிரவில்லை.

மார்ச் 16, திங்.

கன்று செத்துப்போயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தொழுவத்தில் பசு கத்திக்கொண்டிருந்தது, கன்று கால் நீட்டிக் கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம்.

அண்ணன் சொன்னது: "சீக்கு கன்னு."

சீக்கு இல்லை. பசி. நோஞ்சான் குழந்தைகளைத் தினம் வகுப்பில் பார்க்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

இன்று 'அவர்' என்று எழுத வரவில்லை. அவன். அவன்.

மார்ச் 17, செவ்.

பசு பாலை இறக்க மாட்டேன் என்கிறது. மடி கல்லாகக் கனத்துக் கிடக்கிறது, ஒரு சொட்டு இல்லை. லோட்டா நிறையாத துக்கத்தில் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். கன்றுக்காக இப்படி உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மறுபடி அழுகை.

மார்ச் 19, வியா.

கன்று செத்த அன்றைக்கே அண்ணன் தோல்ஷாப்பு முனுசாமியை விட்டு அதன் தோலை உரித்து உப்புத் தடவிக் காயப்போட்டிருக்கிறான். இன்று அதற்குள் வைக்கோல் திணித்துத் தைத்து, நாலு குச்சியைக் காலாக நட்டு, பசுவின் முன் நிறுத்தினார்கள். கண் இருந்த இடத்தில் ஓட்டை.

பசு மோந்து பார்த்தது. அப்புறம் நக்க ஆரம்பித்தது. கழுத்தை, முதுகை, காதை. நக்க நக்கப் பால் இறங்கிற்று. அண்ணன் குந்தி உட்கார்ந்து கறந்தான், என்னமோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு.

அவன் போனதும் அந்த வைக்கோல் பொம்மையை இழுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைக்கத்தான் போனேன். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொளுத்திடு. நானும் கூட வர்றேன். அப்புறம் அந்தப் புள்ளைக்கு இன்னா குடுப்பே?"

விட்டுவிட்டேன். பொம்மையைத் தொழுவத்து மூலையில் சாத்திவைத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

கோயில் முடிந்து அண்ணனின் சிநேகிதர்கள் இருவர் வீட்டுக்கு. தோல்ஷாப்பு ஆட்கள். பால் மகிமை ஆரம்பம். கையை மடக்கிப் புஜம் காட்டினான். "ரெண்டே வாரம். நம்பறீங்களா? வயிறு கல்லு மாதிரி."

ஒருவர் சொன்னார்: "பக்கத்து வீட்டுக் கொழந்த பாலு இல்லாம பேஜாரா இருக்குதாமே, ரைட்டரே?"

"ஊருக்கெல்லாம் ஊத்தினா நம்ம ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

காப்பித் தட்டோடு நின்ற அண்ணி தட்டைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை.

"அந்தக் கொழந்தைக்குத் தினம் நான்தான் பால் குடுத்து அனுப்பறேன். நீங்க குடிச்சது பாதிக்குப் பாதி கஞ்சித் தண்ணி. அதனாலதான் வயிறு கம்முனு கெடக்குது."

கேட்ட சிநேகிதர் சிரித்துவிட்டார். மற்றவர் ஜன்னலைப் பார்த்தார். அண்ணன் முகம் செங்கல். லோட்டா முற்றத்தில் போய் விழுந்தது.

"இன்னியோட அந்த மாட்டை நான் தொடமாட்டேன். நீங்களே கறந்து ஊருக்கெல்லாம் ஊத்துங்க!"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சமையல்கட்டுக் கதவோரம் உட்கார்ந்தாள். பத்து வருஷத்தில் அவனை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அவள் பேச்சுக்கு இடமே இருந்ததில்லை.

மார்ச் 23, திங்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுக்கை.

கைருன்னிசா வேலிப் பக்கம் வந்து நிற்கிறாள், குழந்தை தோளில். பிறந்த ஊர்ப் பள்ளிகொண்டாவில் சின்னப் பெண்ணாக இருந்தபோது கறந்தது, விரல் மறக்கவில்லை. விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பசு காலை உதறிற்று. காம்பை இழுத்தால் ஒன்றும் வரவில்லை. முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடுகிறது.

எழுந்து போய் மூலையிலிருந்து அந்த வைக்கோல் கன்றை நானே தூக்கி வந்தேன். கனமே இல்லை. பசுவின் முகத்துக்கு நேரே வைத்தேன். நக்கிற்று.

கறந்தேன்.