நீ போகாத ஆபரேஷன்

அண்ணா,

நேற்று ஊரூர் குப்பத்தில் வஞ்சிரம் வாங்கப் போனேன். மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஆறு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்.

"இன்னாக்கா, என்னைத் தெர்லயா? உங்கண்ணன் எப்டி கீறாரு?"

"அவர் போய் அஞ்சு வருஷம் ஆச்சு."

கத்தி நின்றது. "இன்னாக்கா சொல்ற? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டரு, ஒரே டியூபு தான?"

ஆமாம், எல்லாம் ஒன்றுதான். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாலு நாளாக மலமும் போகாமல் காற்றும் பிரியாமல் வயிறு கல்லாக உப்பியிருந்தது உனக்கு. அப்படியும் தி.நகர் கடையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாய். நான்தான் ஆட்டோவில் தள்ளிக்கொண்டு போனேன். பெருங்குடலில் புற்றுக்கட்டி, வழியே அடைத்துவிட்டது என்றார்கள். டாக்டர் நம் இருவருக்கும் படம் வரைந்து காட்டினார்.

"இப்ப அவசரமா வெட்டினா மலம் போக வயித்துல பை வெக்க வேண்டி வரலாம். அதனால முதல்ல ஸ்டென்ட்ங்கிற கம்பிவலைக் குழாயை வெச்சு அடைப்பைத் திறக்கறேன். உடம்பு தேறட்டும். ஆனா கட்டி அங்கேயேதான் இருக்கும். ரெண்டு மூணு வாரத்துல ஆபரேஷனுக்கு வந்துடணும்."

நீ தலையாட்டினாய். நான் பார்த்தேன்.

குழாய் வைத்ததும் அடைப்பு விட்டது. மூன்றாம் நாள் இட்லி சாப்பிட்டுவிட்டு, "வயிறு பூ மாதிரி இருக்கு" என்றாய். பக்கத்துக் கட்டில்காரர் டாக்டர் சொன்ன நாளில் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். நீ தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்றாய். பிறகு பொங்கல். நான் விடாமல் கேட்டதற்கு, "டாக்டரே வேண்டாம்னுட்டாரு, குழாயே போதுமாம்" என்று என் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னாய். நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது. நம்பினேன். அதற்காக என்னையும் நான் விட்டுவைக்கவில்லை.

ஆடியில் வலி திரும்பியது. கட்டி குழாய்க்குள்ளேயே வளர்ந்து மறுபடி அடைத்திருந்தது, ஈரலுக்கும் பரவியிருந்தது. "எத்தனை தடவை போன் பண்ணோம், ஏன் வரலை?" என்று டாக்டர் கேட்டார். உன் போனை வாங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி நம்பரை பிளாக் செய்து வைத்திருந்தாய்.

எந்தப் பை வேண்டாம் என்று குழாய் வைத்தார்களோ அதே பையோடு ஏழு வாரம் மந்தைவெளி வீட்டில் கிடந்தாய். ஒரு மத்தியானம் சுவரைப் பார்த்தபடி சொன்னாய்: "ஆபரேஷன்னா பயமா இருந்துச்சும்மா. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பையை மாற்றிவிட்டு வெளியே போய்விட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். நான் போனேன். சின்னதாக ஒரு சதை வளர்ச்சி இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். உன் மகன்தான் "அப்புறம் பாத்துக்கலாம் அத்தை" என்று வருடக்கணக்கில் இழுத்தடித்தான். அச்சாக உன் குரல்.

போன மாதம் அவன் கடைக்கே போய் எதிரில் உட்கார்ந்தேன். "பயமா இருக்காடா?"

கல்லாவை மூடினான். "ஆமா அத்தை."

அந்த ஒரு வார்த்தை போதும், நானே கூட்டிக்கொண்டு போனேன். சோதனையில் ஒன்றும் இல்லை, சில வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் மேல் உள்ள கோபம் ஆறவில்லை, அண்ணா. ஆற விடவும் மாட்டேன். அடுத்த தடவை அவனை இழுத்துக்கொண்டு போக அது எனக்கு வேண்டும்.