கர்த்தர் இருந்த இடத்தில்

அன்புள்ள அக்கா,

சர்ச்சில் "இயேசுவே" என்று நாம் பாடிய இடத்தில் "கண்ணே" என்று மாற்றிப் பாடி இசைத்தட்டு போட்டேன்; அதுதான் மெம்பிஸ் முழுக்க எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. "கர்த்தரை எறக்கிவிட்டுட்டு எவளையோ ஏத்திட்டியேடா" என்று நீ கதவைச் சாத்திப் பதினோரு வருடம் ஆகிறது.

நேற்று ஆஸ்பத்திரி ரேடியோவில் அந்தப் பாட்டு ஓடியது. "கழுத்துக் கட்டைப் பிரிச்சதும் நீங்க எனக்கு ரெண்டு வரி பாடிக் காட்டணும், சொல்லிட்டேன்" என்றாள் சாப்பாடு கொண்டுவரும் எர்லீன். டாக்டர் சொன்னதை அவளுக்குச் சொல்லவில்லை. சரி என்று சிலேட்டில் எழுதினேன்.

அவள் போனதும், பழைய சொல்லைப் போட்டு முழுப் பாட்டையும் வாயசைத்துப் பார்த்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இந்த வார்டுக்குப் போன் செய். அப்போதெல்லாம் நான் முதலில் பாட, நீ பின்பாட்டுப் பாடுவாய். இப்போது நீ முதலில் பாடு. என் முறை வரும்போது ரிசீவரை விரலால் தட்டுவேன். குரல் வரவில்லையே என்று வைத்துவிடாதே.

உன் தம்பி