பால்கனிக்குக் கீழே நாலு கோழிகள்

ஜூன் 2

கூட்டில் இன்றும் முட்டை இல்லை. பதினோராவது நாள். வைக்கோலைக் கிளறிப் பார்த்தபோது கொண்டைக்காரி என் கையைக் கொத்தினாள். முட்டை இல்லாவிட்டாலும் திமிருக்குக் குறைச்சல் இல்லை.

மாடியில் இருக்கும் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், படியில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "முட்டை வருதேன்னுதான் நாத்தத்தையும் கத்தலையும் பொறுத்துக்கிட்டேன். ஜூலை பத்தாம் தேதி கறிக்கடைக்காரரை வரச் சொல்லிட்டேன்."

வீடு அண்ணியின் பெயரில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அக்கா முன்னால் எப்போது திறந்திருக்கிறார்?

நாலையும் தையல் மெஷினுக்குக் கீழே, அட்டைப் பெட்டியில் பல்பு வைத்துக் குஞ்சிலிருந்து வளர்த்தேன். கறிக்கடையா? விட மாட்டேன்.

ஜூன் 4

எலியா, பாம்பா? கூட்டைச் சுற்றி மாவு தூவி வைத்தேன். காலையில் என் கால்தடம் மட்டும்.

ஜூன் 7

கறுப்பியைக் கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "உள்ளே ஒரே கொழுப்பும்மா. முட்டை எங்கேர்ந்து வரும்? யார் தீனி போடறது?"

"நான் மட்டும்தான் டாக்டர். அளந்துதான் போடறேன்."

"இது ஒருத்தர் கை போட்ட தீனி இல்லையே."

வீடு வந்து சேரும் வரை கோபம். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே!

ஜூன் 8

மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாகப் பத்து மணி. நாலும் மேய்வதை விட்டுவிட்டுப் பால்கனிக்குக் கீழே வந்து அண்ணாந்து நின்றன. மேலேயிருந்து ரொட்டித் துண்டுகள் கொட்டின. கூடவே ஒரு குரல். என்னிடம் ஒருநாளும் இப்படிக் கொஞ்சாத குரல். "வந்துட்டீங்களாடி தங்கங்களா!"

ஊசி என் விரலில் ஏறாதது அதிசயம்.

ஜூன் 9

கேட்டேவிட்டேன். "அண்ணி, ரொட்டி போடறது நீங்கதானா?"

முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் கூப்பிட்டா நிமிர்ந்து பார்க்குதுங்க. இந்த வீட்ல வேற யாரு பார்க்கறீங்க?"

சுருக்கென்றது. உண்மைதானே.

"அப்ப கறிக்கடைக்காரரை எதுக்கு வரச் சொன்னீங்க?"

"சொன்னா சொன்னதுதான். முட்டை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

இவர் தொண்டையைச் செருமினார். "நான் டிபன் பாக்ஸ்ல மிஞ்சினதை மட்டும்தான்..." தினமும் பாக்ஸ் காலியாக வருகிறதே என்று பூரித்துப் போயிருந்தேன். எல்லாம் கோழிக்கு!

சரி, எழுதித் தொலைக்கிறேன். ஒவ்வொரு சட்டை தைத்து முடித்ததும் நானும் ஒரு பிடி வேர்க்கடலை போடுவேன். அது தீனியில் சேராது என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 10

இனி என் ஒரு கைதான் தீனி போடும். கடலை கிடையாது. கீரைக்கட்டை உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். வேண்டுமென்றால் குதித்துத் தின்னட்டும். முட்டை ஓடு கெட்டியாகக் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில்.

ஜூன் 15

பத்து மணிக்கு நாலும் பால்கனிக்குக் கீழே. அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. யாருக்கு அதிகக் கஷ்டம் என்று தெரியவில்லை.

ஜூன் 27

கறுப்பி காலையிலிருந்து வாலைத் தாழ்த்திக்கொண்டு மூலையில் முக்கினாள். ஒன்றும் வரவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். "முட்டை மாட்டிக்கிட்டிருக்கு. வெதுவெதுப்பான தண்ணில உட்கார வைங்க. அமுக்காதீங்க, உள்ளே உடைஞ்சா பிழைக்காது."

ஐயோ! இவரும் வீட்ல இல்ல. "அண்ணி!"ன்னு கத்தினேன் பாரு ஒரு கத்தல் —

அண்ணி வெந்நீர் வாளியோடு இறங்கி வந்தார். முழங்கை வரை நனைந்தபடி அரை மணி நேரம் கறுப்பியைத் தொட்டியில் பிடித்துக்கொண்டிருந்தார். "போட்டுடுடி ராஜாத்தி, போட்டுடு."

போட்டாள்! நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

ஜூலை 4

இரண்டு முட்டை. கொண்டைக்காரி ஊரைக் கூட்டிவிட்டாள்.

ஜூலை 10

கறிக்கடைக்காரர் சாக்கோடு வாசலில் வந்து நின்றார். நான் கூட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முட்டை வந்த பிறகும் அண்ணி ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லையே!

பால்கனியிலிருந்து குரல் வந்தது. "என்ன வேணும்?"

"கோழி எடுக்க வரச் சொன்னீங்களேம்மா."

"நானா? இந்த வீட்ல கோழியே கிடையாதே!"

அந்த நேரம் பார்த்துக் கொண்டைக்காரி முட்டையிட்டுவிட்டுத் தெரு அதிரக் கத்தினாள். அவர் கூட்டைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அண்ணி அசையவில்லை. சாக்கை மடித்துக்கொண்டு போயே போய்விட்டார். நான் சமையலறைக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஜூலை 22

கூட்டில் மூன்று முட்டை. நாலாவதைத் தேடி மாடிக்குப் போனேன். கறுப்பி படியேறிப் போய், அண்ணியின் துவைத்த துணிக்கூடையில் இட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுப்பாதே, இருக்கட்டும்" என்றார் அண்ணி. அவருடைய துணிகளெல்லாம் பக்கத்தில் வாளிக்கு மாறியிருந்தன.