இன்னும் கூப்பிடாத பேர்

போத்தனூர்

ஏனுங்க,

போன்ல சொன்னா அழுதுபோடுவேன், அதான் எழுதறேன்.

உங்க தங்கச்சி கனிஷ்காவுக்கு எட்டாம் மாசத்துல உள்ளங்கையும் பாதமும் ஒரே அரிப்பு. "சூடுதானுங்க அண்ணி"ன்னா. போன வருசம் எனக்கு அரிச்சப்பவும் எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க? நம்ம பாப்பா வயித்துக்குள்ளயே தவறிப் போனப்புறம்தான் ஈரல் கோளாறுன்னு தெரிஞ்சுது. விடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பார்க்க வெச்சேன். அதேதானுங்க. டாக்டருங்க கூடவே இருந்து கவனிச்சு, முன்கூட்டியே பிரசவம் பார்த்துட்டாங்க. பொண்ணு. நல்லா அழுதா.

"உங்களாலதான் அண்ணி"ன்னு குழந்தைய என் மடியில வெச்சா. எனக்குச் சந்தோசமா, பொறாமையா, ஒண்ணுமே புரியல.

நம்ம பாப்பாவுக்கு நெனச்ச பேரைத் தரச் சொல்லிக் கேக்கறா. தரலாம்னும் இருக்கு, வேண்டாம்னும் இருக்கு. அந்தப் பேரை நீங்க இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதே இல்லீங்க. வந்து ஒருக்கா எங்கிட்டச் சொல்லுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்.

உங்க அம்மணி