மல்லாட்டை சட்னி

அன்புள்ள அம்மாவுக்கு,

நாகர்கோவிலில் எல்லோரும் சுகமா? உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? எனக்குக் கடலூர் வேலை பழகிவிட்டது.

பதறாமல் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேந்திரங்காய் தேடி சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். கிடைக்கவில்லை. பசித்தது. விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு வண்டிக்கடையில் வெள்ளரிக்காய் சாண்ட்விச் வாங்கினேன். எனக்கு நிலக்கடலை ஆகாதே, அதனால் "கடலை போட்டிருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. மல்லாட்டை சட்னிதான் தடவியிருக்கேன்" என்றார் கடைக்கார புஷ்பவள்ளி அக்கா.

ஏதோ இந்த ஊர்க் கீரை என்று நினைத்துவிட்டேன். இங்கே நிலக்கடலைக்குத்தான் அந்தப் பெயராம். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் தொண்டை அடைத்தது. உங்களைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று பயந்துபோனேன். "ஐயோ, இன்னாம்மா ஆச்சு?" என்று அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டதும் மூச்சு வந்தது.

இப்போது நலம்தான். ஆனால் நான்கு நாளாகக் கஞ்சியும் வாழைப்பழமும்தான். வெளியே எதையும் வாங்கிச் சாப்பிடுவதில்லை. கடலை ஆகாது என்று எழுதிய பழைய டாக்டர் சீட்டையும் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு வற்றலையும் அனுப்புங்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். "நான்தான், அவ அக்கா" என்று புஷ்பவள்ளி அக்கா கையெழுத்துப் போட்டார். அவர் கையை நான் விடவே இல்லை அம்மா.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உங்கள் ஜூலி